கன்றின் சர்க்கரை

நான் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. உங்கள் ஆள் கேட்காமலேயே இரண்டு கரண்டி போட்டுவிட்டார், பரவாயில்லை. சர்க்கரையோடுதான் என் பிழைப்பு என்பதால் வீட்டில் எனக்குச் சக்கரை டப்பா என்று பட்டப்பெயர். வைத்தவள் அக்கா.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் மேலே ஒரு சர்க்கரைச் சட்டை போட்டிருக்கிறது. காவல் செல்கள் அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் இவன் நம்மவன், இவன் அந்நியன் என்று முடிவு செய்கின்றன. புற்றுநோய்ச் செல் நம்மவன் மாதிரி சட்டை போட்டு ஏமாற்றும். நாங்கள் நோயாளியின் ரத்தத்திலிருந்து காவல் செல்களை எடுத்து, அந்த ஏமாற்றுச் சட்டையை அடையாளம் காணப் பழக்கி, பெருக்கி, பையில் நிரப்பி, திரும்ப அவருக்கே ஏற்றுகிறோம். பெருக்குவது என் பொறுப்பு.

செல்கள் வளரச் சீரம் வேண்டும்; ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீர். நோயாளிக்குப் போகும் செல்களுக்கு மனிதச் சீரம். கன்றுக்குட்டியின் சீரம் பரிசோதனைத் தட்டுகளுக்கு மட்டும். ஏன் என்று கேட்டால் மாட்டு நோய் தொற்றிவிடும் என்பார்கள். நான் வேறு காரணம் சொன்னேன். கன்றின் சீரத்தில் மனித உடம்பு தயாரிக்காத ஒரு சர்க்கரை இருக்கிறது. அதில் வளரும் செல் அதை எடுத்து மாட்டிக்கொள்ளும். உடம்புக்குள் திரும்பிப் போனால் சொந்த உடம்பே அதை அந்நியன் என்று அடித்துக் கொல்லும். இதைக் கூட்டத்தில் சொன்னபோது எங்கள் ஆய்வகத் தலைவர், "ஏம்ப்பா, மாட்டுச் சட்டை போட்டா மாடாயிடுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தட்டில் நிரூபித்துக் காட்டினேன். "தட்டு வேற, மனுஷன் வேற" என்றார். நியாயமான பேச்சுதான். அதனால் எனக்கு ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

அக்காவுக்கு நோய் வந்தது அதற்குப் பிறகு. அம்மா போனபின் என்னை வளர்த்தவள் அவள். தபால் நிலையத்தில் கடிதம் பிரித்துப் போட்டே என்னைப் படிக்கவைத்தாள். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. எங்கள் சிகிச்சையில் சேர்ந்ததும் நர்ஸிடம் பெருமையடித்துக்கொண்டாள். "ஒரு நாளாவது எனக்கு ஒரு டீ போட்டுக் குடுத்திருப்பானா? இப்பப் பாருங்க, எனக்குன்னு உக்காந்து வளர்க்கிறான்."

நீங்கள் நினைப்பதுபோல அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எல்லா நோயாளிகளின் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்தேன். அந்தச் சர்க்கரையை எதிர்க்கும் சக்தி அவள் ரத்தத்தில்தான் அதிகம். அக்கா என்பதற்காக அவளை விட்டுவிட்டு வேறு யாரையாவது எடுத்திருந்தால் அது பாரபட்சம் ஆகியிருக்கும்.

மற்றவர்களுக்கு மனிதச் சீரம், அக்காவுக்குக் கன்றின் சீரம். முதல் பை ஏறிய சாயங்காலமே அவளுக்குக் குளிரும் காய்ச்சலும். "மருந்து வேலை செய்யுதுக்கா, அதான்" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். மறுநாள் எடுத்த ரத்தத்தில் நான் வளர்த்த செல் ஒன்றுகூட மிச்சமில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சொன்னது சரியாகிவிட்டது அல்லவா.

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். இரண்டாவது பையை மனிதச் சீரத்தில் வளர்த்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருமுறை நடந்தது தற்செயல் என்பார்கள். அந்தத் தலைவர் நிச்சயம் அப்படித்தான் சொல்வார். இரண்டாவது பையைத் தொங்கவிட்டபோது அக்கா கேட்டாள்.

"இதுவும் நீ வளர்த்ததுதானடா, சக்கரை?"

"ஆமாக்கா."

"அப்பச் சரி. பயமில்ல."

மற்ற நோயாளிகள் எழுந்து வீட்டுக்கு நடந்து போனார்கள். அக்காவுக்குக் கட்டி ஈரலுக்குப் பரவியது. வலி பொறுக்காமல் அவள் போர்வையைக் கடித்தபோது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவன் நான்தான். அவள் போனதும் அத்தான் என்னைக் கட்டிக்கொண்டு, "உன்னால முடிஞ்சதெல்லாம் பண்ணிட்டப்பா" என்று அழுதார். ஆமாம் என்றேன்.

பிறகு தலைவரிடம் முடிவுகளைக் கொண்டுபோய் வைத்தேன். படங்களை நெடுநேரம் பார்த்தார். நான் சொன்னது சரி என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். என் தோளில் கைவைத்து, "அக்கா கவலையில சீரம் பாட்டில மாத்தி எடுத்துட்டே. விடுப்பா, வெளிய தெரிய வேணாம்" என்றார்.

அதனால்தான் நானே உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். மனம் உறுத்தி வந்ததாக நீங்கள் எழுதியிருப்பது தவறு. கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று எழுதியிருப்பது அதைவிடப் பெரிய தவறு. அதை அடித்துவிடுங்கள். பாட்டில் மாறவில்லை, இரண்டு முறையும் பார்த்துத்தான் எடுத்தேன். சூடு கொஞ்சம் ஏறினாலும் குறைந்தாலும் ஓடிப்போய்ப் பார்த்து, அந்தச் செல்களைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தேன். அக்கா என்னைக்கூட அவ்வளவு கவனமாக வளர்த்ததில்லை.