மயில் இல்லாத மேசை

— அம்மா, சிங்குக்கை கிடந்த இந்தத் தகடு என்ரை பெல்ட்டின்ரையெல்லே? புளி போட்டுத் தேய்ச்சனீங்களோ?

— ஓம். உப்பும் போட்டனான். குத்துவிளக்கு மாதிரி மினுங்குது பார்.

— கடவுளே! மற்றதுகள்?

— எல்லாத்தையும்தான் தேய்ச்சனான். அது ஒண்டுதான் கழண்டு வந்தது.

— மூண்டு கிழமையா மருந்து பூசிக் கறுப்பாக்கினனான் அம்மா! ஆயிரத்துச் சொச்சம் வருசம் மண்ணுக்கை கிடந்த மாதிரித் தெரியவேணும் எண்டு.

— பின்னேர உலோக வேலை வகுப்புக்குப் போய் ஊத்தையாக்கவோ பழகினனி?

— ஐரோப்பாவிலை பழைய சவக்குழியளுக்கை இப்பிடித்தான் எடுத்தவை. தோல் உக்கிப்போகும். பெல்ட்டைப் பூட்டுற வெண்கலப் பக்கிளும் தகடுகளும்தான் மிஞ்சும்.

— செத்தவையின்ரை சாமான். வகுப்பு எடுக்கிற மாக்கஸ் சேர் கேட்ட மயிலைச் செய்து குடுத்திருந்தால் இண்டைக்குக் கண்காட்சியிலை உனக்கும் ஒரு மேசை கிடைச்சிருக்கும்.

— வகுப்பிலை எனக்குப் பக்கத்திலை இருக்கிற பிறையன் ஜப்பான் வாளுக்குப் பிடி செய்தவன். அவனிட்டை ஆரும் உன்ரை ஆக்களின்ரை கலையைச் செய் எண்டு சொல்லேல்லை. என்னட்டை மட்டும் ஏன் மயில்?

— மயில் வடிவுதானே நிரோ.

— வடிவுதான். ஆனால் நான் செய்ய ஆசைப்பட்டது உதில்லை. மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். சரியோ பிழையோ தெரியேல்லை.

— என்ரை கலியாண ஒட்டியாணம் கிடக்கு. அதை வைக்கலாமே?

— அது நான் செய்ததில்லையே. அந்தப் பக்கிளிலை இருக்கிற மிருகத் தலையை நானே மெழுகிலை செதுக்கி வார்த்தனான். ரெண்டுதரம் உடைஞ்சது.

— அது என்ன, நாயோ?

— ஆராய்ச்சி செய்யிற ஆக்களுக்கே நிச்சயமில்லை.

— மூக்கைப் பார்த்தால் உன்ரை பெரியப்பா மாதிரிக் கிடக்கு.

— அம்மா!

— சரி, சரி. உதைக் கட்டினால் அவைக்கு என்ன பெருமையாம்?

— சில இடங்களிலை பெல்ட்தான் பதவிக்கு அடையாளம். ஆளை அவமானப்படுத்த எண்டால் முதல் அதைத்தான் கழட்டுவினமாம்.

— கழட்டுவினமோ? ம்... வெளிக்கிடு, நேரமாச்சு.

— எங்கை? எனக்கு மேசையே இல்லை.

— பார்க்கப் போறதுக்கு மேசை எதுக்கு? எங்கடை வோபர்ன் பக்கத்து ஆக்கள் முழுக்க வருகினம். கார்த் திறப்பை எடு.

— நீங்களும் மயில் செய் எண்டுதானே சொல்லுறியள்?

— நான் சொல்லுவன். நான் பெத்தனான். அவர் ஆர் சொல்ல?

— அதுசரி, என்னத்துக்கு வீட்டுக்கை கோட்டோடை நிக்கிறியள்?

— குளிருது.

— ஹீட்டர் போட்டுத்தானே கிடக்கு! ... அம்மா, பெட்டி வெறுமையாக் கிடக்கு. பெல்ட் எங்கை?

— உந்த ஊத்தையோடை பட்டுச்சீலைக்கு மேலை கட்டேலுமே, அதுதான் தேய்ச்சனான். இனி மாக்கஸ் வந்து கழட்டட்டும், பாப்பம்.