சிவப்புக் காகிதம் ஒட்டிய போத்தல்

மலாயாவில் அவசரகாலம் நடந்த சமயம், லூபோக் சீனா போகும் பேருந்தைச் சோதனைக்கு நிறுத்தியிருந்தார்கள். சிப்பாய்கள் மூட்டைகளைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் முன்னிருக்கையில் இருந்த ரப்பர் தோட்டத்துப் பெண் பக்கத்திலிருந்த அக்காவிடம் நிதானமாகச் சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரரு முழங்கால்ல தேய்க்கிற மருந்தைக் குடிச்சிட்டாருக்கா.”

“ஐயோ, ஏன்?”

“இருமல் மருந்துன்னு நெனச்சிட்டாரு. நாம கொண்டுபோற பழைய கிச்சாப்பு சாஸ் போத்தல்லதானே தோட்டத்து மருந்து ரூம் டிரெசர் எந்த மருந்தையும் ஊத்திக் குடுப்பாரு. ரெண்டும் ஒரே மாதிரி இருந்திச்சி. ஆஸ்பத்திரியில கெடந்து பொழச்சி வந்தாரு.”

“இன்னும் அப்படித்தான் குடுக்குறாரா?”

“இல்லக்கா, புதுச் சட்டமாம். தேய்க்கிற மருந்துக்கு அவரே தனிப் போத்தல் குடுத்து, மேல சிவப்புக் காயிதம் ஒட்டிடுறாரு. படிக்கத் தெரியாட்டியும் புரியுது. எங்க ஆளு சிவப்பைக் கண்டாலே கையை இழுத்துக்குறாரு.”

“நல்லதுதான் லா.”

“டிரெசர்கிட்ட இன்னொரு காயிதம் கேட்டு வாங்கி, எங்க ஆளு குடிக்கிற சம்சு சாராயப் போத்தல்ல ஒட்டி வெச்சேன். இன்னும் தொடல.”

சிப்பாய் கையசைத்தான். பேருந்து கிளம்பியது. அக்கா அவள் பக்கம் சாய்ந்தாள்.

“எனக்கும் அந்தக் காயிதம் ஒண்ணு வாங்கிக் குடு லா.”