பெட்டி இருந்தா முழு விலை

எங்கப்பாவ ஏமாத்தப் பாத்தாங்கக்கா. பட்டப்பகல்ல, ஏசி போட்ட கடையில, ஒரு அட்டைப்பெட்டியச் சாக்கு சொல்லி... நீங்க உக்காருங்க, இது நமக்கு நடுவுலயே இருக்கட்டும். பெட்ஷீட்ல சுத்தியிருக்கேன்னு பயந்துடாதீங்க, ஆம்ப்ளிஃபயர்தான். பதினெட்டு கிலோ. கண்டக்டர் இதுக்கும் அரை டிக்கெட் போட்டார். போடட்டும். அவராவது இதோட பெட்டி எங்கன்னு கேக்கல.

அப்பா லிஃப்ட் ரிப்பேர் பாக்குறவர்க்கா. நாள் பூரா கிறீச் கிறீச்னு கேட்டுட்டு வந்து, சாயங்காலம் ஒரு மணி நேரம் பாட்டு கேப்பார். ஆறு வருஷம் சேத்து வச்சு இத வாங்கினார். இப்ப சின்ன வீட்டுக்கு மாறிட்டோம். இது உக்காந்தா நாங்க நிக்கணும். அந்தப் பழைய ஆடியோ சாமான் கடையிலயே ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் பாத்து வச்சிருக்கார். இதுக்கு முழு விலை கெடச்சா அது வரும். இல்லன்னா சாயங்காலம் சுவத்தப் பாத்து உக்கார வேண்டியதுதான். அவருக்குப் பேரம் பேச வராது, சொன்ன விலைக்குத் தலையாட்டிட்டு வருவார். அதான், நான் போறேம்பான்னு நானே தூக்கிட்டுக் கெளம்பினேன்.

கடைக்காரர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கிட்டார்க்கா. டார்ச் அடிச்சு ஓட்டை ஓட்டையா எட்டிப் பாத்தார். மோந்து பாத்தார், சத்தியமா. பாட்டு மட்டும் போட்டுப் பாக்கல. அப்புறம் பல் டாக்டர் மாதிரி நிமிந்து, பெட்டி இருக்கான்னார். இல்லன்னேன். அப்ப பாதி விலைன்னுட்டார்.

காது என்ன பெட்டியவா கேக்குதுன்னேன். நான் எக்கனாமிக்ஸ் படிக்கிறேன்க்கா, சும்மா விடுவேனா? பயன் மதிப்பு, சந்தை மதிப்புன்னு பத்து நிமிஷம் பேசினேன். மனுஷன் பொறுமையா கேட்டுட்டு, வாங்குறவங்க எல்லாம் வெளியூரும்மா, அந்தப் பெட்டியில வச்சு அனுப்பலன்னா உதிரி பாகமாத்தான் போய்ச் சேரும்ங்கறார். பெட்டி மேல இருக்கற நம்பரும் இதோட முதுகுல இருக்கற நம்பரும் ஒண்ணா இருந்தாத்தான் திருட்டு சாமான் இல்லன்னு நம்புவாங்களாம். அப்ப எங்கப்பா திருடரான்னு கேட்டேன். கடையே திரும்பிப் பாத்துச்சு. பாக்கட்டும். அலமாரியில இதே மாடல், பெட்டியோட, ரெண்டு மடங்கு விலை. அந்தப் பெட்டிக்குப் பிளாஸ்டிக் உறை வேற. ஆம்ப்ளிஃபயர் மேல தூசி, பெட்டிக்கு உறை. வெறும் அட்டைக்கு எதுக்கு சார் இவ்ளோ பாக்குறீங்கன்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

எனக்கு அநியாயம்னா ஆகாதுக்கா. போன வருஷம் யுனிவர்சிட்டியில கட்டணத்த ஏத்தினாங்க இல்ல, மூணு நாள் மழையில முன் வரிசையில நின்னது யாருன்னு நெனக்கிறீங்க? எல்லார் கையில இருந்த கோஷ அட்டையும் கூழாப் போச்சு. என்னது மட்டும் நிமிந்து நின்னுச்சு. அப்பாகிட்ட கேட்டு வாங்கிட்டுப் போனது. அவர் எத வாங்கினாலும் கெட்டியாத்தான் வாங்குவார்... எங்க விட்டேன்? ஆங், கடைக்காரர். நான் வாசல்கிட்ட வந்ததும் பின்னாடியே வந்து, பெட்டி பரண்ல பத்திரமா இருக்குன்னு உங்கப்பாதானே ரெண்டு வருஷம் முன்னாடி சொன்னார், அத நம்பித்தானே அப்ப அவர்கிட்ட முழு விலை சொன்னேங்கறார்.

பரண்ல இருந்தது எங்க போகும்? எங்கம்மாதான். பழைய பேப்பர்காரர் குரல் கேட்டா எங்கம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. வீட்டுல ஒருத்தருக்காவது ஒரு பொருளோட அருமை தெரியுதா, சொல்லுங்க. உங்க ஸ்டாப் வருதா? ஒரு நிமிஷம்க்கா, நியாயம் யார் பக்கம்னு தெரிஞ்சுட்டுப் போங்க. அப்பாவுக்கே போன் பண்ணி ஸ்பீக்கர்ல போடறேன்.

அப்பா? கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல, பஸ்ல இருக்கேன். அதெல்லாம் அப்புறம் சொல்றேன். இதோட பெட்டி எங்கப்பா? அம்மாவக் காப்பாத்தாம உண்மையச் சொல்லுங்க.

"அதாம்மா? போராட்டத்துக்கு மழையில ஊறாத அட்டை வேணும்னு நீதானே பரண்ல இருந்து எறக்கி அறுத்த? அந்த நம்பர் இருக்கற பக்கத்த மட்டுமாவது விட்ருன்னேன். வெறும் அட்டைக்கு எதுக்குப்பா இவ்ளோ பாக்குறீங்கன்னு கேட்ட... சரின்னு கத்திய எடுத்துக் குடுத்தேன்."