அறுபத்து மூன்று மந்திரித்த பொருள்கள்

டப்பா வாங்குவதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு. வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று முடிவெடுத்த அன்றே கடைக்குப் போய்ப் பன்னிரண்டு டப்பாக்களை அள்ளி வருவார்கள். மறுநாள் அந்த வீட்டில் பழைய குப்பையும் இருக்கும், பன்னிரண்டு டப்பாக்களும் இருக்கும். பிறர் வீடுகளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது பத்து ஆண்டுகளாக என் தொழில், சிவானி மேடம். அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டது ஏணியைப் பற்றி. ஆனால் ஏணி கடைசியில்தான் வருகிறது.

ஒரு வீட்டில் பொருள் சேர்வதற்கு ஆசையைக் குறை சொல்வார்கள். உண்மைக் காரணம் வழி. உள்ளே வர ஒரு கதவு இருக்கிறது. எப்படி வெளியே போகும் என்று யாரும் யோசிப்பதில்லை. செங்காங்கில் உள்ள எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றாடக் குப்பை, கட்டடத்தின் குப்பைக் குழாயில் விழுந்துவிடும். பழைய நாளிதழும் ஓடாத மின்விசிறியும் ஹாரன் அடித்துக்கொண்டு பழைய சாமான் வாங்க வரும் காராங்குனிக்காரரோடு போகும். துணிமணிக்குத் தானப் பெட்டி. மெத்தை, கட்டில் என்றால் நகர மன்றத்துக்கு ஒரு போன் போதும். இந்த நான்கு வழிகளில் ஒன்றிலும் போகாத பொருள் கிடையாது என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

என் கணவர் ஜோனாவின் அப்பா, என் மாமனார் அருளானந்தம், கத்தோலிக்கக் கோயிலில் முப்பது ஆண்டு கோயில்பிள்ளையாக இருந்தவர். மெழுகுவர்த்தி, பூசைப் பாத்திரம், மணி எல்லாம் அவர் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகும் பங்குச் சனம் அவரை விடவில்லை. கை உடைந்த மாதா சுரூபம், அறுந்த ஜெபமாலை, மூக்குப்போன சம்மனசு, அதாவது தேவதூதர். குருவானவர் செபம் சொல்லி மந்திரித்த பொருளைக் குப்பையில் போட யாருக்கும் துணிவு கிடையாது. வீட்டில் வைத்திருக்கவும் விருப்பம் கிடையாது. ஆகவே அவரிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் வாங்கி, உதட்டில் ஒற்றி முத்தி செய்து, எங்கள் ஸ்டோர்ரூமில் வைத்தார். காய்ந்த குருத்தோலைகளை, எரித்துச் சாம்பலாக்க, சாம்பல் புதனுக்கு முன் கோயிலுக்கே கொண்டுபோய்விடுவார். மிச்சம் அறுபத்து மூன்று.

ஸ்டோர்ரூம் என்று நாம் சொல்வது உண்மையில் குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்வதற்காகக் கட்டிய அறை. கனத்த சுவர், இரும்புக் கதவு, சன்னல் இல்லை. கட்டியவர்கள் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வந்துவிடக்கூடாது என்று கவலைப்பட்டிருக்கிறார்கள். மாமாவோடு ஒரு வருடம் இருந்திருந்தால் வேறு மாதிரிக் கவலைப்பட்டிருப்பார்கள்.

ஜூலையில் ஒரு வீட்டு அலங்கார இணையத்தளம் என் வீட்டைப் படமெடுக்க வருவதாக எழுதியது. எல்லா அறைகளும், கதவுகள் திறந்த நிலையில். எனக்கு மூன்று வாரம் இருந்தது. பல் மருத்துவருக்குச் சொத்தைப் பல் இருக்கலாம். யாரும் அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் படமெடுப்பதில்லை. எனக்கு அந்தச் சலுகை இல்லை.

மாமாவிடம் தன்மையாகத்தான் கேட்டேன்.

"மாமா, இதெல்லாம் என்ன செய்யலாம்?"

"என்னம்மா செய்யறது? மந்திரிச்சது. எரிக்கணும், இல்ல புதைக்கணும்."

"எரிச்சிடலாமே."

"பித்தளை எரியுமா? பத்தாவது மாடியில எங்க புதைக்கிறது, ஜோனாவோட பூச்சட்டியிலயா?" அவரே சிரித்துக்கொண்டார். "கவலைய விடு லா. நான் செத்தா எம்பெட்டியில எல்லாத்தையும் போட்டு அனுப்பிடு. ஃபாதர்கூட ஒண்ணும் சொல்லமாட்டாரு."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் விடை சரியானது. இறந்தவர் கையில் ஜெபமாலையும் தலைமாட்டில் செபப் புத்தகமும் வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். ஐந்தாவதாக ஒரு வழி இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. அது அடைத்திருந்தது, அவ்வளவுதான். மாமாவுக்கு எழுபத்தாறு வயது. சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை. தினமும் கால்வாய் ஓரம் ஐந்து கிலோமீட்டர் நடப்பார்.

அடக்கமா, தகனமா என்று முதலில் யோசித்தேன். இந்த ஊரில் கல்லறைக்குப் பதினைந்து ஆண்டுதான். பிறகு தோண்டியெடுத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் வெளியேற்றம் அல்ல, வாடகைக் கிடங்கு. ஆகவே தகனம்.

இப்போது அலமாரிக்கு வருகிறேன். தினம் தொடும் பொருள் இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்க வேண்டும். எப்போதாவது தொடுவது உச்சித் தட்டுக்குப் போகலாம். மாமா அந்தோணியார் சுரூபத்தைச் செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் எடுப்பார். செவ்வாய் அந்தோணியாருக்கு உரிய நாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் அவர். என் வீட்டில் எதுவும் காணாமல் போவதில்லை. அவரை உச்சித் தட்டில் வைத்தேன்.

"ஒசரத்துலயே இருக்கட்டும். புனிதர்தானே," என்றார் மாமா.

ஏணியை ஜாலான் புசாரில் வாங்கினேன். மூன்று படி, மடக்கு ஏணி. கடைக்காரர் அஹமது கபீர் அதை விரித்து, இரண்டு கால்களையும் பிணைக்கும் கொக்கியைக் காட்டினார். "உசுரே இதுலதான் இருக்கு அக்கா. இந்தக் கொக்கி இல்லேன்னா இது ஏணி இல்ல, ரெண்டு பலகை. மேல் படியில கால வெச்சதும் அப்படியே விரிஞ்சிடும்."

ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. வீட்டுக்கு வந்து நானும் நான்கு முறை கொக்கியைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். திங்கட்கிழமை கழற்றியபோது திரும்ப மாட்டவில்லை.

செவ்வாய் காலை ஆறே முக்காலுக்கு ஜோனா வேலைக்குக் கிளம்பியிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். சத்தம் எதிர்பார்த்ததைவிடச் சிறியது; கனத்த சுவர் என்று சொன்னேன் அல்லவா? மாமா தரையில் கிடந்தார், தலை இரும்பு நிலையை ஒட்டி.

"அந்தோணியார் ஒடஞ்சிட்டாராம்மா?"

"இல்ல மாமா. முழுசா இருக்காரு."

நான் பொய் சொல்வதில்லை. சுரூபம் அவர் மார்பின் மேல்தான் விழுந்திருந்தது, ஒரு கீறல் இல்லை. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஆம்புலன்ஸ் ஆட்களுக்குக் காலை வைக்க இடம் வேண்டுமே, தட்டோடு சரிந்தவற்றை எடுத்து வைத்தேன். சுரூபங்கள் ஒரு பக்கம், ஜெபமாலைகள் ஒரு பக்கம். பதினொரு நிமிடம் ஆனது. பிறகு அழைத்தேன்.

மாமாவின் உடலைப் புளோக்கின் கீழே உள்ள பொதுத்தளத்தில் மூன்று நாள் வைத்திருந்தோம். பெட்டியின் கால்மாட்டில் நிறைய இடம் இருக்கிறது. சுரூபங்களைத் தலைமாற்றித் தலைமாற்றி அடுக்கினால் இரண்டு மடங்கு கொள்ளும். "மக இருந்தாகூட இப்படிச் செய்யமாட்டா. ஒண்ணு விடாம வெச்சிருக்கா பாரு," என்று கோயில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கியது. நான் மாமாவை வெறுத்தவள் அல்ல. அவருடைய சட்டைகளைக்கூட மடித்து, அன்றே தானப் பெட்டியில் சேர்த்தேன்.

அந்த அறுபத்து மூன்றில் நாற்பத்தொன்றின் அடியில் என் வாடிக்கையாளர்களின் பெயர்ச்சீட்டு இருந்தது என்கிறீர்கள். சரிதான். தேக்காவிலும் புக்கிட் பாத்தோக்கிலும் நான் ஒழுங்குபடுத்திய வீடுகளிலிருந்து வந்தவை. "மந்திரிச்சது, எப்படிங்க தூக்கிப் போடறது?" என்று கையைப் பிசைவார்கள். "எங்க மாமா வாங்கிக்குவாரு," என்பேன். உடனே முகம் தெளிந்துவிடும். அவர்கள் வீடு சுத்தமானது. மாமா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சேர்த்துவைக்கும் குணம் உள்ளவர்களுக்கு அந்த வார்த்தை வராது.

படமெடுப்பவர்கள் அடுத்த திங்கள் பிற்பகல் வருவதாக இருந்தது. காலையிலேயே இறுதிச்சடங்கு நிறுவனத்திலிருந்து ஜெய் என்ற ஊழியர் வந்தார், கையில் ஒரு கனத்த பையோடு.

"அக்கா, பித்தளை, கண்ணாடி, பிளாஸ்டர் எதையும் உள்ள விடமாட்டாங்க. எரிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டோம். எண்ணிப் பாத்துக்குங்க."

எண்ணினேன். அறுபத்து நான்கு. மாமாவின் விரல்களில் சுற்றியிருந்த ஜெபமாலையும் சேர்ந்து வந்திருந்தது.

ஜோனா பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். காலியாக இருந்த ஸ்டோர்ரூமுக்குள் போய், இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் உள்ள தட்டில் வைத்தார். "அப்பா கை பட்டது, நடாலி. இனிமே இத யாரும் தொடக்கூடாது." பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதார். படமெடுப்பவர்கள் வந்தபோது அந்தக் கதவை மூடியே வைக்க வேண்டியதாகிவிட்டது. இந்த விஷயத்தில் எனக்கு வருத்தம் என்றால் அதுதான்.

கொக்கியைக் குப்பைக் குழாயில் போட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். பொருள் வீட்டில் இருக்கும்வரை அதன் உதிரிப் பாகத்தை எறியக்கூடாது. வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்லும் முதல் விதி அது. சின்ன டப்பாவில் போட்டு, 'ஏணிக் கொக்கி' என்று சீட்டு அடித்து ஒட்டினேன். சீட்டு அடிக்கும் இயந்திரம் கீழே தேதியைத் தானாகவே அடித்துவிடும்: அவர் விழுவதற்கு முந்தைய நாள். போலீஸோடு வீட்டைச் சோதனையிட வந்த அன்று, ஏணியில் ஏதாவது குறைகிறதா என்று கேட்டுக்கொண்டே நீங்கள் கூடத்தின் மூன்றாவது இழுப்பறையைத் திறந்தீர்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வினாடிகூட ஆகவில்லை.

ஒழுங்காக வைத்த வீட்டில் தேடும் பொருள் அந்தோணியாரைக் கூப்பிடாமலே கிடைக்கும், மேடம். மாமாவிடம் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன்.