லீமா என்று கூப்பிட்ட சிலந்தி

கரப்பான்பூச்சியை உயிரோடு பிடிப்பது சிரமமே இல்லை, இன்ஸ்பெக்டர் சார். பாட்டிலின் கழுத்தில் உட்பக்கமாக எண்ணெய் தடவி, அடியில் வாழைப்பழத் தோலைப் போட்டு வைத்தால் போதும். உள்ளே போனது வெளியே வராது. என் மனைவி அக்னஸுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

எங்கள் மகள் லீமா எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போது காய்ச்சலில் இறந்தாள். எழுபத்தெட்டு ஜனவரி. அதன்பின் என் மனைவி என்னிடம் பேசியதெல்லாம் "சாப்பாடு வெச்சிருக்கேன்" என்பதோடு சரி. ஜூன் மாதம் ஸ்ரீரங்கம் தோப்பு வியாபாரியிடம் வாங்கிய தேங்காய்ச் சாக்குக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி இருந்தது. நான் செருப்பை ஓங்கினேன். அக்னஸ் என் கையைப் பிடித்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் என்னைத் தொட்டாள்.

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன். சிலந்தியைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறம், உடம்பெல்லாம் ரோமம், முன்னங்கால்களின் அடியில் மஞ்சள். மரப்பொந்தில் வாழும் வகை. கடித்தால் வலிக்கும், ஆள் சாகாது. பருமனைப் பார்த்து, பெண் என்றும் சொன்னேன்.

மறுநாள் காலை தொட்டியருகே அக்னஸின் குரல் கேட்டது. "லீமா, சாப்பிடுடி தங்கம்."

வாரத்துக்கு இரண்டு கரப்பான், நனைத்த பஞ்சில் தண்ணீர். அக்னஸ் தேறிவிட்டாள். தலையில் பூ வைத்தாள், பாலக்கரைக் கடைகளுக்குத் தனியாகப் போய்வந்தாள். நான் வீடு திரும்பியதும் லீமா அன்று என்ன தின்றாள் என்று சொல்வாள். அது என் மகளின் பெயர், சார்.

"வேற பேரு வையேன்" என்று ஒருமுறை கேட்டேன்.

"கூப்பிட்டா திரும்பிப் பாக்குறாளே" என்றாள். சிலந்திக்கு அப்படிக் காது கிடையாது.

அக்டோபரில் மூன்று வாரம் அது இரையைத் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் பூசைக்குக் கிளம்பும் நேரத்தில், மல்லாந்து கிடந்தது.

"செத்துட்டாளாங்க?"

தோல் உரிக்கும்போது அந்த வகைச் சிலந்தி அப்படித்தான் கிடக்கும். தொடாமல் விட்டால் சில மணி நேரத்தில் புதுத் தோலோடு எழுந்துவிடும். வருடாவருடம் நான் நடத்தும் பாடம்.

"ஆமா" என்றேன். துக்கம் ஒரேயடியாக முடியட்டும் என்றுதான்.

குழந்தையின் துணியில் சுற்றிக் கொல்லையில் குழியில் வைத்தாள். "கால் அசையுதுங்க" என்றாள்.

"காத்து" என்று சொல்லி மண்ணைத் தள்ளினேன்.

மறுநாள் சாயங்காலம் நான் வந்தபோது அந்தத் துணி மேசைமேல் விரிந்திருந்தது. அவள் தோண்டி எடுத்திருக்கிறாள். பழைய தோல் முக்கால்வாசி கழன்றிருந்தது. இரண்டு கால்கள் மட்டும் அதற்குள் மாட்டியபடி செத்திருந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்" என்றேன்.

அவள் அழவில்லை. துணியை மடித்து எடுத்துக்கொண்டாள். "ஸ்ரீரங்கம் பஸ் எப்ப வரும்?" என்று கேட்டாள்.

"ஆறே கால்."

காவிரிப் பாலம் தாண்டியதும் மாம்பழச்சாலையில் இறங்கி, அவள் பாலத்துக்கே திரும்பி நடந்ததாகக் கண்டக்டர் சொன்னார் அல்லவா? மயங்கி ஆற்றில் விழுந்ததாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். காவிரியில் இரு கரையும் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு யாரும் இல்லை என்றும் தெரியும். அவள் பஸ் ஏறும்வரை வாசலில் நின்று பார்த்தேன். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள்.

ஆனால் சார், சிலந்தியைப் பற்றி இல்லாமல் அவள் என்னிடம் ஒரு விஷயம் கேட்டு, நான் சொன்ன பதிலை நம்பி அப்படியே செய்தது அன்றைக்குத்தான். கூப்பிட்டு அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.