ஒன்பது நாள் கமடோர்

மாலை ஆறே முக்கால். ஐப்பசி மாதம். தென்னேரி ஏரிக்கரைச் சாலை... ஒரு பக்கம் நிரம்பிய ஏரி, மறுபக்கம் நெல் வயல். கண்ணுக்கு எட்டின வரை ஆள் இல்லை. ஒரே ஒரு டிவிஎஸ் வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வந்தால்தான் பேய் என்று நினைப்பவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி டிரைவர் அண்ணனுக்கு டார்ச் பிடிக்கலாம். மெக்கானிக் வர இன்னும் ஒரு மணி நேரமாகும் என்கிறார்கள். தீபிகா, அந்த ஜன்னலைச் சாத்து, சாரல் அடிக்கிறது. ரேவதி, சிரிப்பதையெல்லாம் இப்போதே சிரித்து முடித்துவிடு.

இது என் தோழி ஜெயப்ரியாவின் பெரியப்பாவுக்கு நடந்தது. பெயர் கலியாணசுந்தரம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறிக் குடும்பம். அவர் மட்டும் தறியில் உட்காராமல் கடற்படையில் சேர்ந்தார். ஒரு பிராந்தியத் தலைமையகத்தில் எழுத்தர் வேலை. எந்த ஊர்த் தலைமையகம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

அவர் ஓய்வு பெற்று ஊருக்கு வந்து பல வருடம் கழித்து, அந்தத் தலைமையகத்துக்கு ஐம்பதாவது ஆண்டு விழா வந்தது. ஆரம்பத்திலிருந்து அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்த எல்லோருடைய பெயரையும் பட்டில் நெய்து சுவரில் மாட்டலாம் என்று முடிவு செய்தார்கள். காஞ்சிபுரத்து ஆள், பழைய பதிவேடுகள் அத்தனையும் அத்துப்படி. பெரியப்பாவைத் தவிர வேறு யாரிடம் கொடுப்பார்கள்? பட்டியலும் அவரே, நெசவும் அவர் பொறுப்பிலேயே.

பெயர், பதவி, பொறுப்பேற்ற தேதி, ஒப்படைத்த தேதி. முதலில் இருந்தவர்கள் கமடோர்கள். பிறகு அந்த நாற்காலிக்கு மதிப்பு ஏறியது. ரியர் அட்மிரல்கள் வந்தார்கள், கடைசியில் வைஸ் அட்மிரல்கள். ஒருவர் ஒப்படைத்த அதே தேதியில் அடுத்தவர் ஏற்றிருப்பார். நாற்காலி ஒரு நாள்கூடக் காலியாக இருக்காது. அங்கே அதுதான் வழக்கம். ஏற்க ஒருவர் வந்து கையெழுத்துப் போடும் வரை இருப்பவர் நகரக் கூடாது. செத்தாலுமா என்று கேட்காதே ரேவதி... அங்கேதான் வருகிறேன்.

பெரியப்பா எழுதிய பட்டியலில் இருபத்திரண்டு பேர். தென்னேரியில் துரைக்கண்ணு என்ற நெசவாளி, எழுத்துகளுக்குத் துளை போட்ட அட்டை அடித்துத் தறியில் ஏற்றி, ஒவ்வொரு பெயராகச் சரிகையில் நெய்துகொண்டு வந்தார். கடைசிப் பெயர் முடிகிற நேரத்தில் பெரியப்பாவுக்கு ஒரு போன் வந்தது.

"சார், நான் சுகாசினி. கமடோர் அர்ஜுனன் பொண்ணு. அந்த லிஸ்ட்ல அப்பா பேரு வருதா சார்?"

"பதிவுல இல்லியேம்மா."

"ஒன்பது நாள் அப்பாதான் சார் சார்ஜ்ல இருந்தாரு. அம்மா சாகிற வரைக்கும் அதையே சொல்லிட்டு இருந்தாங்க."

பெரியப்பா போனை வைத்துவிட்டார். ஏன் தெரியுமா? அந்தப் பெண் சொன்னது உண்மை என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

முப்பத்தேழு வருடத்துக்கு முன்னால் அங்கே தலைவராக இருந்த அட்மிரலுக்கு நெஞ்சுவலி. அடுத்த நிலையில் இருந்த கமடோர் அர்ஜுனன் பொறுப்பேற்றார். அதற்கான சார்ஜ் பேப்பரை டைப் அடித்தது பெரியப்பா. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதைக் கோப்பில் சேர்த்து மேலிடத்துக்குச் செய்தி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பெரியப்பாவுக்கு அன்று மாலை ரயில். மூன்றாம் நாள் அவருக்குக் கல்யாணம். அவசரத்தில் லீவுச் சீட்டோடு சேர்த்து அந்தக் காகிதத்தையும் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு காஞ்சிபுரம் வந்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் அங்கே புயல். ஒரு மீன்பிடிப் படகு மாட்டிக்கொண்டது. கமடோர் அர்ஜுனன் நான்கு மாலுமிகளோடு விசைப்படகில் போனார். ஐந்து பேரும் திரும்பவில்லை. விசாரணையில், இவர் எந்த அதிகாரத்தில் படகை எடுத்தார் என்று கேட்டார்கள். பொறுப்பேற்றதற்குக் காகிதம் இல்லை. கையெழுத்துப் போட்ட அட்மிரலும் அதற்குள் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தார். லீவு முடிந்து போன பெரியப்பாவையும் கூப்பிட்டார்கள். சார்ஜ் பேப்பர் டைப் அடித்தாயா என்று ஒரே கேள்வி.

"இல்ல சார்."

வேலை போய்விடும் என்ற பயம். ஐந்து உயிரைக் கொன்ற பழி, செத்துப்போன மனிதர் தலையில் விழுந்தது. காகிதம் பெரியம்மாவின் கூரைப்புடவை மடிப்புக்குள் போனது. வருடத்துக்கு ஒருமுறை கூட எடுக்காத புடவை, அதைவிடப் பத்திரமான இடம் எது?

சுகாசினியின் போன் வந்த அன்று மாலைதான் அந்த ஆறே முக்கால். பெரியப்பா தறியைப் பார்த்துவிட்டு ஏரிக்கரையில் திரும்பிக்கொண்டிருந்தார். மழை இல்லை. காற்றும் இல்லை. மதகுப் பக்கம் வந்தபோது ஊதல் சத்தம் கேட்டது... தாழ்வாகத் தொடங்கி, சட்டென்று உச்சிக்குப் போய், மறுபடி தாழ்ந்து அடங்கியது. பெரிய அதிகாரி கப்பலில் ஏறும்போது ஊதுவார்களே, அது. தென்னேரியில் அதை யார் ஊதுவது?

அப்புறம் வாடை. டீசல் புகை, ஈரக் கயிறு, கடல் உப்பு. கடல் அங்கிருந்து எத்தனை மைல் என்று உங்களுக்கே தெரியும்.

மதகின் மேல் ஒருவர் நின்றிருந்தார். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி. கால்சட்டை ஓரத்திலிருந்து தண்ணீர்... சொட்... சொட்... முகம் பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. நீட்டின கை மட்டும் தெரிந்தது.

"என் பேப்பர் எங்கே?"

வீடு வந்து சேர்ந்த பெரியப்பா நேராகப் பெட்டியைத் திறந்து கூரைப்புடவையை உதறினார். காகிதம் நனைந்திருந்தது. புடவையில் ஈரம் ஒரு பொட்டு இல்லை. மங்கையர்க்கரசி பெரியம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுப் புடவையை அள்ளி அவர் முன்னால் போட்டார்.

"ஒரு மனுசனோட மானத்த என் கூரப்பொடவைல மடிச்சி வெச்சிக்கினா இருந்தீங்க? நாளைக்கே போயி ஆபீசுல குடுங்க. அந்தப் பொண்ணுகிட்ட நடந்தத சொல்லுங்க."

"இந்த வயசுல எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போயி சொல்றது?"

கோழை என்று நான் சொல்வேன். ஜெயப்ரியா சொல்ல விட மாட்டாள், அவளுக்குப் பெரியப்பா. அவர் செய்தது பாதி வேலை. பழைய பதிவில் ஒரு பெயர் விட்டுப்போயிருந்தது என்று தலைமையகத்துக்கு ஒரு வரி எழுதினார். பழைய எழுத்தர் சொன்னால் சரிதான் என்று அவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவுதான். முப்பத்தேழு வருடமும் அந்த ஒரு வரி போதுமாக இருந்திருக்கிறது. நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. தன் பொய்யைப் பற்றி மட்டும் அவர் மூச்சு விடவில்லை. அனுமதி இல்லாமல் படகை எடுத்தவர் என்ற பழி கோப்பில் அப்படியே இருந்தது.

துரைக்கண்ணு புதிதாக அட்டை அடித்துக் கடைசியில் அர்ஜுனன் பெயரைச் சேர்க்க ஆரம்பித்தார். அன்று மாலை பெரியப்பா காகிதத்தை எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனார். ஆபீசில் கொடுக்க வேண்டியதை ஆவியிடம் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார்.

ஊதல் கேட்டது. கை நீண்டது. காகிதத்தை வாங்கிய கை, அதில் ஏதோ எழுதித் திருப்பிக் கொடுத்தது. அந்த விரல் பட்ட இடம் ராத்திரி முழுக்கச் சில்லிட்டுக் கிடந்ததாம்.

வீட்டில் விளக்கடியில் பெரியம்மாதான் பார்த்தார். பழைய கையெழுத்துகளுக்குக் கீழே புதிதாக இரண்டு. ஒப்படைப்பவர்: அர்ஜுனன். ஏற்பவர்: கலியாணசுந்தரம். பெரியப்பாவின் கையெழுத்தேதான், அந்தக் கடைசிச் சுழி உட்பட. தான் பேனாவையே தொடவில்லை என்று அவர் சாமி படத்தின் மேல் சத்தியம் செய்தார்.

மறுநாளிலிருந்து மாலை ஆறரை ஆனால் எழுந்துவிடுவார். கையில் காபி இருந்தாலும் வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"எங்க போறீங்க?"

"டூட்டி."

ஒருநாள் பெரியம்மா கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். சரியாக ஆறே முக்காலுக்கு வீட்டுக்குள்ளேயே ஊதல் சத்தம்... கூரைப்புடவை இருந்த பெட்டிக்குள்ளிருந்து. பெரியம்மாவே சாவியை அவரிடம் தூக்கிப் போட்டார்.

ஒன்பதாம் நாள் அவர் திரும்பவில்லை. மதகுப் பக்கத்தில் வண்டி நின்றது. செருப்பு இரண்டும் ஜோடியாகக் கிடந்தன, வாரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தீயணைப்புக்காரர்கள் மூன்று நாள் ஏரியைத் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

அதே வாரம் துரைக்கண்ணு பட்டைத் தறியிலிருந்து அறுத்தார். அர்ஜுனன் பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. கலியாணசுந்தரம், எழுத்தர். ஏற்ற தேதி, காகிதம் கை மாறிய அந்த மாலை. ஒப்படைத்த தேதிக்கான இடம் வெறும் பட்டு.

"அதுக்கு நான் அட்டையே அடிக்கலம்மா" என்று பெரியம்மா காலில் விழாத குறையாக அழுதார் துரைக்கண்ணு.

விழாவுக்குச் சுகாசினி போயிருந்தாள். அப்பா பெயரைத் தொட்டுப் பார்த்து அழுதாளாம். கீழே இருந்த வரி நெசவில் வந்த பிழை என்று நினைத்தார்கள். சட்டம் போடும்போது அந்த ஒரு வரியை மட்டும் உள்ளே மடித்துவிட்டார்கள். பெரியப்பா இப்போது எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இல்லாதவரை விடுவிக்க யார் வரப்போகிறார்கள்?

பெரியம்மா இப்போதெல்லாம் ஆறு மணிக்கே கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறார். போன வெள்ளிக்கிழமை ஜெயப்ரியா அவருக்குத் துணையாகப் போயிருந்தாள். ஆறே முக்காலுக்கு வாசலில் டீசல் வாடை. சொட்... சொட்... கதவுக்கு அடியில் ஏதோ மெதுவாக உள்ளே நகர்ந்து வந்தது.

அதே காகிதம். நனைந்திருந்தது. அடியில் புதிதாக ஒரு வரி. ஒப்படைப்பவர் என்ற இடத்தில் பெரியப்பாவின் கையெழுத்து, மை காயாமல்.

ஏற்பவர் என்ற இடம் காலியாகத்தான் இருந்தது. ஜெயப்ரியா சனிக்கிழமையிலிருந்து வேலைக்கு வரவில்லை. நேற்று போன் செய்தேன். ஆறரை மணி இருக்கும். வெள்ளைச் சுடிதாருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.