நோகவில்லை என்றவள்

டூங்கபி ஸ்டேசனில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீற்றில் இருந்தார்கள். அக்காவும் தங்கையும் என்பது பேச்சில் தெரிந்தது. ரயில் வெளிக்கிட்டதும் அக்கா சொன்னார்:

"முழங்கால் நோகேல்லை எண்டு அவள் சொல்லுறது பொய்."

"ஆர், உங்களிட்ட ஐஸ் ஸ்கேட்டிங் டான்ஸ் பழகுற பிள்ளையோ?"

"ஓம். இண்டைக்குப் பின்னேரம் போட்டி. நேற்றுப் பயிற்சியில அந்தச் சோடிப் பெடியன் தூக்கி இறக்கேக்க, மூண்டு தரமும் மற்றக் காலிலதான் ஊண்டினவள்."

"அவளே ஏலும் எண்டால் விடுங்கோவன், அக்கா."

"நானும் என்ர கோச்சிட்ட ஏலும் எண்டுதான் சொன்னனான். அவர் நம்பினார். அண்டைக்குத்தான் நான் கடைசியா ஆடினது."

அக்கா போனை எடுத்தார், மடியில் வைத்தார், திரும்பவும் எடுத்தார்.

"அந்தப் பெடியனும் பாவம். ஒரு வருசமாப் பழகினவன்."

பரமட்டா ஸ்டேசன் வருவதற்குள் போட்டி நடத்துபவர்களுக்குப் போன் செய்து, அந்தச் சோடியின் பெயரை எடுத்துவிடச் சொன்னார். உடனேயே அந்தப் பிள்ளைக்கும் எடுத்தார். போனிலிருந்து வந்த அழுகை எனக்கே கேட்டது.

"என்னவாம்?"

"இனி என்னட்டப் பழக வரமாட்டாளாம். என்ர முகத்திலயும் முழிக்க மாட்டாளாம்."

"அப்ப இறங்குவம் அக்கா. வீட்ட போவம்."

"அவள் அங்க போட்டி நடக்கிற இடத்தில தனிய நிக்கிறாள். முழங்கால் ஸ்கேனுக்கு ஆர் கூட்டிக்கொண்டு போறது?"